இருபத்தைந்து கிலோ

டாக்கர் துறைமுகத்தில்
வெங்காயத்துக்கென்று ஒரு கதவு உண்டு.
அரசு திறக்கும், அரசே சாத்தும்.
இந்த வருஷம் சாத்திய நாள் ஒரு செவ்வாய்.
வானொலி சொல்லி முடிப்பதற்குள்
கும்பா ங்கோம் கிணற்று மோட்டாரை நிறுத்தினாள்.

பிடுங்குமுன் பத்து நாள்
வெங்காயம் தாகத்தில் கிடக்க வேண்டும்.
தாள் சாய்ந்து, கழுத்து வற்றி,
தோல் சருகாக வேண்டும்.
பக்கத்து வயல் இப்ரா தியாவ் நிறுத்தவில்லை.
தண்ணீர் குடித்த காய் பருக்கும்,
பருத்த காய்க்குச் சாக்கு சீக்கிரம் நிறையும்,
அது அழுகுவது
வாங்கினவன் வீட்டில்தானே.

டாக்கருக்கு வடக்கே கடலை ஒட்டி ஓடும்
அந்த மணல்பள்ளங்களுக்கு
நியாய் என்று பெயர்.
என் மொழிக்காரர்கள் அவசரப்பட்டு
ஒரு ‘ம்’ சேர்த்துவிட வேண்டாம்.

ஸேலாந்தில் கொர்னேலிஸ் வெர்ஹாகேவின் கிடங்கில்
செப்டம்பரிலிருந்து விசிறிகள் சுற்றுகின்றன.
மூன்றாள் உயரத்துக்கு வெங்காயம்
உறங்குகிறது. விலை வந்து எழுப்பினால் எழும்.
கதவடைப்புச் செய்தி காலைக் காப்பியோடு வந்தது.
கெட்டவன் இல்லை அவன்,
டீசல் பாக்கியும் வங்கித் தவணையும்
அவனுக்கும் உண்டு.
அபிஜானுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டான்.
நடுக்கடலில் ஒரு கப்பல்
டாக்கரைப் பாராமல் கடந்துபோனது.

பிறகு நடந்ததுதான் கணக்கில் வராதது.
கதவு சாத்திய பதினோராம் நாள்
நியாய் முழுக்க எல்லோரும்
ஒரே வாரத்தில் பிடுங்கினார்கள்.
விசிறி இல்லை, கிடங்கு இல்லை,
கடன்காரனுக்குப் பொறுமை இல்லை.
முந்நூற்றைம்பது பிராங்க் என்று படுத்த விலை
இருநூற்றுப்பத்தாக எழுந்தது.
வெள்ளிக்கிழமை நூற்றிருபது.
அயல்வெங்காயம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை;
உள்ளூர் வெங்காயமே
உள்ளூர் வெங்காயத்தின் கழுத்தைப் பிடித்தது.

இதைப் பற்றி ஜெனீவாவில் இரண்டு அறிக்கைகள்.
ஒன்று ‘பாதுகாப்பு’ என்கிறது,
மற்றது ‘சந்தைத் திரிபு’ என்கிறது.
இரண்டிலும் கும்பாவுக்கு ஒரே பெயர்:
சிறு உற்பத்தியாளர்.
மெதினா பேட்டையில் யாஸா விற்கும் அஸ்தூ பாய்
எதிலும் இல்லை.
அவள் சட்டியில் கோழியைவிட வெங்காயம் அதிகம் வேண்டும்.
விழுந்த விலை அவள் தெருவுக்கு
இன்னும் வந்து சேரவில்லை,
வழியில் எங்கோ
லாரி மாறிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை ஸெரீன் லோ வந்தான்,
காலிச் சாக்குகளை உதறிப் போட்டான்.
ஆரஞ்சு வலை. நீல எழுத்து. ஒரு காற்றாலைப் படம்.
“இதில் கட்டு. அயல்சரக்கு என்றால்தான்
ஜனம் நம்பி வாங்குகிறது.”
“கதவு சாத்தியிருக்கிறதே?”
“வெங்காயத்துக்குத்தான் தடை.
சாக்குக்கு யார் தடை போட்டது?”

விலை கிலோவுக்கு இல்லை, சாக்குக்கு.
இருபத்தைந்து கிலோ என்று
அந்நிய மொழியில் அச்சடித்த வயிற்றில்
அவன் ஆட்கள் உலுக்கி, முட்டியால் அழுத்தி,
வாயைக் கயிற்றால் கூடைபோல் உயர்த்திப் பின்னி
நாற்பது அடைத்தார்கள்.
எல்லோர் வயலிலும் அப்படித்தான்.
இப்ராவும் பேசாமல் பிடித்துக்கொடுத்தான்.

கும்பா மருத்துவச்சி மரியேத்தூ வீட்டுக்குப் போய்த்
தராசை இரவல் வாங்கிவந்தாள்,
கைக்குழந்தைகளைத் தொட்டிலிட்டு நிறுக்கும்
தொங்குதராசு.
அதன் முள் இருபத்தைந்துக்கு மேல் போகாது.
வேப்பங்கிளையில் மாட்டி,
முதல் சாக்கை இருவராய்த் தூக்கிக் கோர்த்தார்கள்.
முள் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டில்
முட்டிக்கொண்டு நின்றது.

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.
ஒன்று எடுத்து மணலில் வைத்தாள்.
முள் நகரவில்லை.
இன்னொன்று.
இன்னொன்று.
லோ கடிகாரத்தைப் பார்த்தான்.
லாரியின் எஞ்சினை
யாரும் அணைக்கவில்லை.
மணலில் குவியல் முழங்கால் தொட்டபோது
முள் லேசாக
ஒருமுறை நடுங்கியது.